பிரேக் ஆயில் மாற்றம்: ஸ்பானர் என் கையில், பெடல் அவர் காலில்

முன்சக்கரங்களின் பிரேக் பேடுகளை மாற்றியாகிவிட்டது. அடுத்த வேலை, பழைய பிரேக் ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதியதை ஊற்றி ஏர் எடுப்பது, அதாவது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. வீட்டிலேயே கார் வேலை பார்க்கும் பலர் இந்த இடத்தில் தயங்குவார்கள், ஏனென்றால் இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே ஆயிலும் காற்றும் வெளியேறும் திருகான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். ஒரே ஆள் செய்வதற்கு வெற்றிடப் பம்பு போன்ற கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் என் கணவரைப் பெடலில் உட்கார வைத்துச் செய்வதையே நான் விரும்புகிறேன்.

பேடு மாற்றியது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேய்ந்த பேடை எடுத்துவிட்டுப் புதிய, தடித்த பேடைப் பொருத்த, பேடுகளை அழுத்தும் பகுதியான காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அப்போது அங்கிருக்கும் ஆயில் மேலேறி, பானெட்டுக்குள் இருக்கும் தொட்டியில் மட்டம் உயரும். நிரம்பி வழிந்தால் பெயின்டை அரித்துவிடும். அதனால் நான் கிளாம்ப்பைத் திருகத் திருக, அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டு மட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கைக்கெட்டும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்திருந்தோம். பெயின்டில் சிந்தினால் உடனே கழுவிவிட வேண்டும்.

இனி ஆயில். நாங்கள் பயன்படுத்துவது டாட் 4 என்ற தர வகை. இந்த வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 தர நிர்ணயப்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்து ஆயில் சூடேறினால், உள்ளே ஆவி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடலை மிதித்தால் அது பாட்டுக்கு உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். இதைச் செலவு என்று தள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தோம். வீல் நட்டுகளை முதலில் தரையிலேயே தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டுகளில் உட்கார வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி நான் எதையும் தொடுவதில்லை. இன்ஜின் அணைந்திருந்தது. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தோம். பழைய வண்டிகளில், பெடல் வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் போனால் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் துருவேறிய பகுதியில் உரசிக் கெட்டுப்போக வாய்ப்புண்டு. கட்டை இருந்தால் அந்தக் கவலை இல்லை.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் இருப்பதில் தொடங்குவது பொது வழக்கம். பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிந்திருக்கும் வண்டிகளில் வரிசை வேறாக இருக்கலாம். கையேட்டைப் பார்த்துவிடுவதே சரி. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்புக்குள் காற்று புகுந்துவிட்டால் சில வண்டிகளுக்கு ஸ்கேன் கருவியும் தேவைப்படும்.

நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பானரை மாட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் குழாயைச் செருகினேன். குழாயின் மறுமுனை, கொஞ்சம் புதிய ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு இப்படித்தான் போகும்:

“மிதியுங்கள்.”

“மிதித்திருக்கிறேன்.”

“திறக்கிறேன்.”

“இறங்குகிறது… கட்டையைத் தொட்டுவிட்டது.”

“மூடிவிட்டேன், விடுங்கள்.”

நிப்பிள் திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால், வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். ஆகவே “விடுங்கள்” என்பதை ஸ்பானர் பிடித்திருப்பவர் மட்டுமே, அதுவும் மூடிய பிறகே சொல்வது என்று வைத்துக்கொண்டோம். நிப்பிளை அதிகம் தளர்த்தவும் தேவையில்லை, கால் சுற்று போதும். நடுவில் துளையுள்ள சிறிய திருகு என்பதால் இறுக்கும்போதும் முரட்டுத்தனம் கூடாது, முறிந்துவிடும்.

முதலில் வந்த ஆயில் கறுத்துக் கலங்கலாக இருந்தது. பிறகு குழாயில் பழையதும் புதியதும் சந்திக்கும் கோடு தெளிவாகத் தெரிந்தது. பின்சக்கரம் ஒன்றில் ஆயில் சுத்தமாகிவிட்டது, அத்தோடு முடிக்கலாம் என்று நான் நினைத்த நேரத்தில், “இன்னும் ஒரு தொய்வு தெரிகிறது, முழுக்கக் கெட்டியாகவில்லை” என்றார் உள்ளிருந்து. மறுபடி திறந்ததும் கடுகளவுக் குமிழிகள் இரண்டு மூன்று குழாயின் உட்சுவரை ஒட்டியபடி நகர்ந்து வந்தன. கண்ணுக்குப் படாததை அவர் கால் சொல்லிவிட்டது. பம்பு வைத்துச் செய்தால் இந்தத் தகவல் கிடைக்காது.

ஒரு சக்கரத்தில் இடம் மாறிக்கொண்டோம். அவர் ஸ்பானரைப் பிடித்தார், நான் மிதித்தேன். குழாயில் நடப்பதைத் தன் கண்ணால் பார்த்த பிறகு, பெடலை அவர் பிடித்து நிறுத்தும் விதமே மாறிவிட்டது. டார்ச் பிடிக்க மட்டும் துணையைக் கூப்பிடுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருமுறை ஸ்பானரையும் கையில் கொடுங்கள்.

தொட்டியில் மட்டம் குறைவதற்குள் ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தோம். அது காலியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போய்விடும். மூடி திறந்த பழைய பாட்டிலில் மிஞ்சிய ஆயிலை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது ஏற்கெனவே ஈரத்தை இழுத்திருக்கும்.

முடித்ததும் அவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, நான்கு நிப்பிள்களிலும் கசிவு இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்தேன். காய்ந்தே இருந்தன. ரப்பர் மூடிகளை மாட்டினேன். இன்ஜினைப் போட்டதும் பெடல் சற்றே கீழிறங்கி நின்றது. மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள், பயப்பட வேண்டியதில்லை. ஆளில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டிப் பலமுறை பிரேக் பிடித்துப் பார்த்த பிறகே சாலைக்குப் போனோம். மிதித்த இடத்திலேயே பிடிக்கிறது. வெளியேற்றிய ஆயிலை மூடி போட்ட தனிப் பாட்டிலில் வைத்திருக்கிறேன். நச்சுப் பொருள் அது, சாக்கடையில் ஊற்றக் கூடாது, இன்ஜின் ஆயிலோடும் கலக்கக் கூடாது.

அடுத்து இன்ஜினின் வால்வு இடைவெளி சரிபார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும் காலை வேளையில் அவர் கிராங்க் புல்லியை ஸ்பானரால் திருப்ப, நான் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை வைத்துப் பார்ப்பதாகத் திட்டம். அதற்கான கேஸ்கெட், அதாவது கசிவைத் தடுக்கும் அடைப்பு, இன்னும் வாங்கவில்லை.