கினபாலுவில் இறங்கப் பழகுங்கள்

கெடாவில் நம் பீடோங்கில் மரம் மறைக்காத இடமாகப் பார்த்து நின்றால் ஜெராய் மலை கண்ணில் படும். அதன் உச்சி 1,217 மீட்டர். சபா மாநிலத்தில் கினபாலு மலை ஏற்றம் தொடங்குகிற திம்போஹோன் வாயிலோ 1,866 மீட்டரில் இருக்கிறது. நம் ஊர் மலையின் தலைக்கு மேலே இன்னும் அறுநூற்றுச் சொச்சம் மீட்டர் போன பிறகுதான் அங்கே முதல் அடியே எடுத்து வைக்கிறோம். அங்கிருந்து 4,095 மீட்டரில் இருக்கும் லோ சிகரம் வரை ஏற வேண்டும்.

கோயில் இளைஞர் குழுவோ ஃபுட்சால் கூட்டாளிகளோ, கினபாலு போகலாம் என்று பேச்சு எடுத்தவுடன் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: மேலே ஏற முடியுமா? ஓரளவு நடந்து பழகிய உடம்பும் நிதானமும் இருந்தால் பெரும்பாலோர் ஏறிவிடலாம். என் கவலையெல்லாம் இறக்கத்தைப் பற்றித்தான். கணக்கைப் பாருங்கள். முதல் நாள் திம்போஹோனிலிருந்து 3,272 மீட்டரில் உள்ள பனாலாபான் தங்குமிடம் வரை 6 கிலோமீட்டர் ஏற்றம். சராசரி ஆளுக்கு 4 முதல் 6 மணி நேரம். மறுநாள் விடியற்காலை இரண்டு, இரண்டரைக்குக் கிளம்பி இன்னும் 2.7 கிலோமீட்டர் நடந்து, 823 மீட்டர் உயரம் ஏறி உச்சியைத் தொடுகிறோம். அதே நாளில், அதே கால்களோடு, 2,229 மீட்டர் கீழே இறங்க வேண்டும். இரண்டு நாளில் ஏறிய மலை முழுவதையும் அரை நாளில், அரைத் தூக்கத்தோடு இறங்குகிறோம். தொடை நடுங்குவது, முழங்கால் மடங்க மறுப்பது, கட்டைவிரல் நகம் கறுத்துப் போவது எல்லாம் அந்த அரை நாளில் வருபவை.

காரணம் எளிது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பு விழாமல் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நீளும்போது சுமை தாங்கும் தசையில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்கும்போது உயிர் போவது அதனால்தான். நல்ல செய்தியும் உண்டு: இந்த வகை வேலையைச் சில தடவை கொடுத்துப் பழக்கினாலே தசை தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது, அந்தப் பலன் சில வாரங்கள் நிற்கிறது. பாடாங் திடலைச் சுற்றி மாலையில் ஓடுவது நுரையீரலுக்கு நல்லது. இறங்கும் தொடைக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

அதனால் எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். குருணிலிருந்து ஜெராய் மலை விடுதிக்குப் போகும் தார்ச்சாலை நமக்குக் கிடைத்த வரம். வாரம் ஒரு முறை அதிகாலையில் நடந்தே ஏறி, நடந்தே இறங்குங்கள். மேலே போய்விட்டு நண்பரின் காரில் இறங்கினால் பயிற்சியின் பாதி வீண். வளைவுகளில் வண்டி வேகமாக வரும், எதிரே வருவதைப் பார்க்கும் பக்கமாக ஒற்றை வரிசையில் போங்கள். முதுகுப்பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் நான்கு போட்டால் 6 கிலோ. முதல் நான்கு வாரம் மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம். பிந்திய வாரங்களில் கொட்ட வேண்டாம்.

வார நாட்களில் வீட்டு வாசற்படியே போதும். ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் கீழ்த் தரையை இலேசாகத் தொடும் வரை மூன்று எண்ணிக்கையில் மெதுவாக இறக்குங்கள். தொட்டதும் எழுந்து நில்லுங்கள். ஒரு காலுக்குப் பத்து, மூன்று சுற்று. நிற்கிற காலின் முழங்கால் உள்பக்கமாகச் சாயாமல், இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும். சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். கிளம்புவதற்கு முந்திய வாரம் கடும் பயிற்சி வேண்டாம். வலியோடு மலைக்குப் போவதில் இலாபமில்லை.

சப்பாத்து பற்றி வாங்கும் முன்னே யோசியுங்கள். மால்களில் முந்நூறு, நானூறு ரிங்கிட்டுக்கு மலைச் சப்பாத்து விற்கிறார்கள். கினபாலுவில் மூட்டை தூக்கும் சபா பூர்வகுடிகளான டூசூன் மக்களின் கால்களைக் கவனித்தால், பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து இருக்கும். ‘அடிடாஸ் கம்போங்’ என்று நாடெங்கும் செல்லமாகச் சொல்வது அதைத்தான். முழுக்க ஒரே வார்ப்பு ரப்பர், தையல் இல்லை, தண்ணீர் குடிக்காது, அடிப்பாகத்தில் குமிழ் குமிழாகப் பிடிமானம். ஈரக் கருங்கல்லில் விலையுயர்ந்த சப்பாத்துகள் பலவற்றைவிட நன்றாகப் பிடிக்கும், தோட்டத்து ஊர்க் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். குறையும் உண்டு. உள்ளே மெத்தை இல்லை, கணுக்காலுக்கு ஆதரவு இல்லை, காற்றுப் போகாததால் வியர்வையில் கொப்புளம் வரும். தடித்த காற்பந்துக் காலுறை போட்டு, ஜெராய் சாலையிலேயே மூன்று நான்கு தடவை நடந்து பார்த்து, கால் ஒத்துக்கொண்டால் மட்டும் கொண்டு போங்கள். எந்தச் சப்பாத்தானாலும் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

ஏற்பாடுகளில் பலர் தலைகீழாகச் செய்வது ஒன்று: மலிவு விலையைப் பார்த்து முதலில் பினாங்கிலிருந்து கோத்தா கினபாலு விமான டிக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று மலையில் கட்டுப்பாடு உண்டு. பனாலாபானில் படுக்கை உறுதியாகாமல் ஏற முடியாது. மாதக்கணக்கில் முன்பதிவு செய்து, தேதி கையில் வந்த பிறகு விமானம் பாருங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மழை ஒப்பீட்டளவில் குறைவு. வழிகாட்டி இல்லாமல் யாரும் ஏற முடியாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவின்போதே சொல்லிவிடுங்கள். மேலே சமைக்கும் பொருளெல்லாம் ஆள் முதுகில் போகிறது, கடைசி நேரத்தில் கேட்டால் அவர்களும் என்ன செய்வார்கள்? சபாவுக்குள் நுழைய மைகார்ட் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், மறக்காதீர்கள்.

விமானம் இறங்கிய மறுநாள் காலையே நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வண்டியில் வந்து ஏறத் தொடங்குவது உடம்புக்கு நல்லதல்ல. முந்திய இரவைக் கினபாலு பூங்கா தலைமையகத்திலோ பக்கத்து ஊரான குண்டாசாங்கிலோ கழியுங்கள். சமவெளி உடம்புக்கு அந்த ஓர் இரவு பெரிய உதவி. 4,000 மீட்டரில் காற்றழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். இதற்கு ஜெராயில் பயிற்சி எடுக்க வழியில்லை, மெதுவாக நடப்பது ஒன்றுதான் மருந்து. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் சரியான வேகம். தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் வழிகாட்டியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் உடனே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உயரத்தால் வரும் இந்த நோயைத் தடுக்கப் போடும் அசெட்டசோலமைட் மாத்திரை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம், மருத்துவரைக் கேட்காமல் நண்பரிடம் வாங்கிப் போடாதீர்கள்.

குளிரையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். கடலோரத்தில் 30 என்றால் உச்சியில் 3 அல்லது 4. விடியற்காலையில் இன்னும் இறங்கும், காற்று அடித்தால் அதற்கும் கீழே உணர்வோம். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்து அப்படியே உடம்பில் ஒட்டிக் குளிரை ஏற்றும். சீக்கிரம் காயும் ஜெர்சி, அதன்மேல் கம்பளிச் சட்டை, மேலே காற்று புகாத மழைச்சட்டை என்று மூன்று அடுக்காகப் போடுங்கள். போஞ்சோ வேண்டாம். பாறையில் காற்று அதைப் பாய்மரமாக்கிவிடும், காலையும் மறைக்கும். உள்ளங்கையில் ரப்பர் பிடிமானம் உள்ள கையுறை அவசியம். தலைவிளக்கு கட்டாயம். அதிகாலையில் பால் வெட்டப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால் நல்ல விளக்காகப் பார்த்து வாங்கித் தருவார்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்றுப் பேட்டரியும் கைப்பேசியும் உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

முதல் நாள் பாதை வாயிலைத் தாண்டியதும் கொஞ்சம் கீழே இறங்கும், கார்சன் அருவி வரும், அப்புறம் முழுக்கப் படிகள்தான். மரக்கட்டைப் படி, கல் படி, வேர்ப்படி, சில இடங்களில் முழங்கால் உயரம். நாலாவது கிலோமீட்டரை ஒட்டி, 2,702 மீட்டரில் லாயாங்-லாயாங் குடில். அதற்குப் பிறகு மண் மஞ்சளும் காவியுமாக மாறும், மரங்கள் குட்டையாகி முறுக்கிக்கொள்ளும், பாதையோரப் புதரில் குடுவைத் தாவரங்கள் தென்படும். நிழல் குறைவதால் வெயில் சுடும். குடில்களில் அணில்கள் கையருகே வரும், தீனி போடாதீர்கள். மதியத்துக்குப் பிறகு மழை வழக்கம். பனாலாபானில் ஈரத்தைக் கழற்றி, சீக்கிரம் சாப்பிட்டு, ஏழு மணிக்குப் படுத்துவிடுங்கள். தூக்கம் வராமல் புரள்வது அந்த உயரத்தில் சாதாரணம், பதற வேண்டாம்.

இரண்டாம் நாள் முதலில் மரப்படிகள், பிறகு வழுவழுப்பான கருங்கல் சரிவு. பனியுகத்தில் பனிப்பாறை தேய்த்து மழுக்கிய கல் அது. அங்கே தடித்த வெள்ளைக் கயிறு போட்டிருப்பார்கள். பலர் பயத்தில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொள்வார்கள், கால் வழுக்குவது அப்போதுதான். உடம்பைப் பாறையிலிருந்து தள்ளி நிறுத்தினால் எடை பாதத்தின் வழியாகக் கல்லில் அழுந்தும், பிடிமானம் கிடைக்கும். கயிறு தடுமாறாமல் இருக்கத்தான், முழு எடையையும் அதில் தொங்கவிடாதீர்கள். ஊன்றுகோலை இங்கே பையில் கட்டிவிடுங்கள். 3,668 மீட்டரில் சாயாட்-சாயாட் சாவடியை ஐந்து மணிக்குள் தாண்ட வேண்டும், கழுத்து அட்டையைக் காட்ட வேண்டும். அந்த நேரத்துக்குப் பயந்து ஓடுகிறவர்கள் வேர்த்துக் களைத்து, உச்சிக்கு அருகே உட்கார்ந்து குளிரில் நடுங்குவார்கள். மழை பலமாக இருந்தால் மேலே விட மாட்டார்கள். நனைந்த பாறையில் வெள்ளம்போல் நீர் ஓடும், அந்த முடிவோடு வாதாடாதீர்கள்.

வானம் தெளிந்திருந்தால் ஆறு மணியளவில் காணக் கிடைப்பது, நூறு ரிங்கிட் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் மலையை அதன் தலையிலிருந்தே பார்க்கும் காட்சி. கிழக்கில் சூரியன் வரும்போது மேற்கே திரும்பிப் பாருங்கள். மலையின் முக்கோண நிழல் மேகத்தின் மேலும் தாழ்நிலத்தின் மேலும் நீண்டு கிடக்கும், வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். ஒரு பக்கம் லோ பள்ளம் கறுப்பாக ஆழ்ந்து போகும். சிகரத்தில் இடம் குறுகல், படம் எடுத்ததும் அடுத்தவருக்கு வழிவிடுங்கள். டூசூன் மக்களுக்கு இது முன்னோர் ஆவிகள் தங்கும் இடம். தோட்ட எல்லையில் முனியாண்டி இருக்கும் இடத்தில் நாம் எப்படிக் குரல் தாழ்த்துவோமோ, அப்படியே இங்கும் நடந்துகொள்ள வேண்டும். 2015 ஜூன் 5-ஆம் தேதி நிலநடுக்கத்தில் இந்த மலையில் 18 பேர் இறந்தார்கள், அவர்களில் வழிகாட்டிகளும் உண்டு. கூட வருபவர் சொல்வதைக் கேளுங்கள்.

சாகசம் விரும்புகிறவர்களுக்கு இறங்கும் வழியில் வியா ஃபெராட்டா இருக்கிறது. பாறைச் சுவரில் இரும்புப் படிகளும் எஃகுக் கம்பியும் பொருத்திய பாதை. 2007-இல் திறந்தார்கள். நீளமான சுற்று 3,776 மீட்டரில் தொடங்குகிறது. இடுப்பு வாரிலிருந்து இரண்டு கொக்கிகள் வரும். கம்பி பாறையில் பொருந்தும் முளை வந்ததும் ஒன்றைக் கழற்றி முளைக்கு அப்பால் மாட்டி, அது பூட்டியதைப் பார்த்த பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். இரண்டும் ஒருசேரக் கம்பியை விட்டு வெளியே இருக்கும் நொடி வரவே கூடாது. நிமிர்ந்த பகுதியில் இரண்டு முளைக்கு இடையே ஒருவர்தான். மேலே இருப்பவர் வழுக்கினால் கீழ் முளைவரை சரிந்து வருவார், இடையில் நிற்பவர்மேல்தான் விழுவார். முந்திய நாள் மாலை விளக்கக் கூட்டத்துக்குப் போகாதவர்களைச் சேர்க்க மாட்டார்கள், எனவே முதல் நாள் தாமதமாகப் பனாலாபான் வந்தால் வாய்ப்பு போய்விடும். நீளமான சுற்று இன்னும் பல மணி நேரம் கையையும் காலையும் வாங்கும், அதன் பிறகும் 6 கிலோமீட்டர் இறக்கம் காத்திருக்கிறது. முதல் தடவை போகிறவர்களுக்குச் சின்னச் சுற்றே போதும் என்பது என் கருத்து.

இனி அந்த 6 கிலோமீட்டர். பனாலாபானில் பசியில்லாவிட்டாலும் சாப்பிடுங்கள். சப்பாத்து நாடாவைக் கணுக்கால் மடிப்பில் இறுக்கிக் கட்டினால் கால் முன்னால் சரியாது, நகம் தப்பிக்கும். ஊன்றுகோலை ஏற்றத்துக்கு வைத்ததைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டுங்கள். கோல்கள் இரண்டையும் கீழ்ப்படியில் ஊன்றிய பிறகு காலை வையுங்கள். உயரமான படியில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குங்கள், இரண்டு காலும் மாறி மாறி முன்னே போகட்டும். குதிக்காதீர்கள். சீக்கிரம் முடியட்டும் என்று ஓடுகிற பையன்கள்தான் நாலாவது கிலோமீட்டரில் பாதையோரம் உட்கார்ந்திருப்பார்கள். அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு வாய் தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய் அல்லது பேரீச்சம்பழம்.

முதல் நாள் வாயிலைத் தாண்டியதும் கொஞ்சம் கீழே இறங்கினோம் இல்லையா? திரும்பும்போது அதுதான் கடைசி ஏற்றம். கார்சன் அருவியின் சத்தம் கேட்டதும் முடிந்துவிட்டது என்று நினைத்து மிச்சத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடாதீர்கள். அந்தப் படிகளுக்கு அரைப் போத்தல் மிச்சம் வையுங்கள். அன்றிரவே பினாங்கு விமானம் பிடிக்கும் திட்டமும் வேண்டாம். நேரம் தப்பும் என்ற பயத்தில்தான் இறக்கத்தில் அவசரப்படுகிறார்கள்.