டிலனாய் கோட்டையில் கூரையில்லாத சிற்றாலயம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் புனித தேவசகாயம் நடந்த இடங்களைத் தரிசிக்கப் போகிறவர்கள் நட்டாலம், காற்றாடிமலை, கோட்டாறு என்று போவார்கள். நானும் இரண்டு முறை அப்படித்தான் போய் வந்தேன். இந்த முறை புலியூர்க்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக உதயகிரிக் கோட்டைக்குள் போனேன். அவருக்கு வேதத்தை எடுத்துச் சொன்ன டிலனாய் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

கோட்டை இப்போது வனத்துறைப் பூங்கா. மரநிழலில் நடந்து போனால் சிற்றாலயம். சுவர்கள் நிற்கின்றன, கூரை போய்விட்டது. பீடத்தைத் தேடிய கண்ணுக்குத் தரையில் கல்லறைகள்தான் பட்டன. டிலனாயின் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் செதுக்கியிருக்கிறார்கள். 'வழிப்போக்கனே, நில்' என்று தொடங்குகிறது லத்தீன் வாசகம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றேன்.

1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி இவர். மன்னர் அவரிடமே தம் படையைப் பழக்கும் வேலையைக் கொடுத்தார். இந்தக் கோட்டையைப் புதுப்பித்ததும் அவர்தான். ஊர் அவரை 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன் என்றது.

அரண்மனை அலுவலரான நீலகண்டப் பிள்ளை, மாடுகள் செத்து, விளைச்சலும் போய் மனம் நொந்திருந்த நேரம் அது. டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் இழந்தும் கடவுளைப் பழிக்காத மனிதனின் கதை. தோற்று, பிடிபட்டு, ஊர் திரும்ப வழியில்லாத ஒருவர் சொன்னதால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும் என்று எனக்குப் படுகிறது. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று நீலகண்டர் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் மன்னரின் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

டிலனாய் இறந்தது 1777 ஜூன் 1. அதாவது, தன் சொல்லை நம்பி வந்தவர் கொல்லப்பட்ட பிறகு இன்னும் 25 ஆண்டுகள் அதே மன்னர் குடும்பத்துக்கே சேவை செய்து வாழ்ந்திருக்கிறார். அந்த 25 ஆண்டுகளில் எப்படியெல்லாம் செபித்திருப்பார்? மகன் ஜானும் போரில் போய்விட்டான். மகனும் மனைவியும்கூட இங்கேதான் உறங்குகிறார்கள்.

கல்லின் மேல் கிடந்த சருகுகளைக் கையால் ஒதுக்கிவிட்டு, 'நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே' என்று மூன்று முறை சொன்னேன். புனிதரிடம் எத்தனையோ வேண்டியிருக்கிறேன். அவருடைய ஆசானுக்காக வேண்டியது இதுதான் முதல் தடவை.

அப்புறம் முட்டிடிச்சான் பாறைக்குப் போனேன். கைதியாக இழுத்து வரப்பட்ட தேவசகாயம் தாகத்தில் முழங்கையால் இடிக்க, தண்ணீர் சுரந்த பாறை. சின்னக் குழிதான். குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன்.