ஓசி டைரியில் ஐந்து மாதம்

ஜனவரியில் நகைக்கடையில் கொடுத்த ஓசி டைரியில் ஆரம்பித்தது. (தாள் மெலிசு, ஜெல் பேனா பின்பக்கம் ஊறிவிடும், பால்பாயிண்ட்தான் சரி.) முதல் இரண்டு மாதம் ராத்திரி பத்தரைக்கு உட்கார்ந்து, மனசில் என்ன ஓடியது, எதற்கு எரிச்சல் வந்தது என்று முழுப் பக்கம் எழுதினேன். எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது. மார்ச்சில் மொத்தமாகப் படித்தால் அதே மேனேஜர், அதே புலம்பல், அதே "நாளையிலிருந்து சீக்கிரம் தூங்கணும்". பிப்ரவரி 11-ல் "மனசு கனமாக இருந்தது" என்று பக்கம் முழுக்க இருக்கிறது, என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை, இப்போது எனக்கே ஞாபகம் இல்லை.

கடுப்பில் அம்மா வழிக்கு மாறினேன். தினசரி காலண்டர் தாளில் "சிலிண்டர் மாற்றியது" என்று குறித்து வைப்பவர் அவர். நானும் நாளுக்கு நாலு வரி: "கேன் தண்ணீர் 2. அப்பா சுகர் 182. மழை, கரண்ட் இல்லை. மாடியில் வடகம் போச்சு." ஒரு மாதம் கழித்துப் படித்தபோது, நனைந்த வேட்டியோடு வடகத்தை அள்ளிக்கொண்டு இறங்கியதும், படியில் அப்பா டார்ச் பிடித்தபடி திட்டியதும் அப்படியே வந்தன. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர், தரகர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் (1736–1761) பெரும்பாலும் இப்படித்தான், கப்பல் வந்தது, சரக்கு, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் யாரிடம் என்ன சொன்னார் என்று போகும், ஆனால் மனுஷனின் கவலையெல்லாம் அந்தக் கணக்குக்கு நடுவிலேயே தெரிந்துவிடும்.

ஏப்ரலில்தான் இது போதாமல் போனது. ஊர் வீட்டுப் பங்கு விஷயத்தில் அண்ணனோடு பேச்சு முற்றியது, டைரியில் "அண்ணன். சண்டை." என்று இரண்டே வார்த்தை, தூக்கம் போனது ஒரு வாரம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களை நாலு நாள், தினம் 15 நிமிடம், மனதை அறுக்கும் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் உடம்புக்கு முடியாமல் மருத்துவரிடம் போனது குறைவு, ஆனால் எழுதி முடித்த கையோடு மனநிலை மோசமாகத்தான் இருந்தது. நானும் அப்படி எழுதிப் பார்த்தேன், எனக்கும் முதல் இரண்டு நாள் கோபம் ஏறத்தான் செய்தது. மூன்றாம் நாள்தான், அண்ணி இருக்கும்போதே நான் சொன்ன ஒரு வார்த்தையை எழுதினேன், அதுவரை அதைத் தாண்டித் தாண்டியே வந்திருக்கிறேன்.

இப்போது தினமும் நாலு வரிதான். எந்த வரியில் கை தயங்குகிறதோ அதன் ஓரத்தில் ஒரு புள்ளி, ஞாயிற்றுக்கிழமை அந்தப் புள்ளிக்கு மட்டும் அரைப் பக்கம். மே மாதத்தில் மொத்தம் 6 புள்ளி. இரண்டு, அண்ணன் போன் செய்த நாட்கள். மேனேஜருக்கு ஒன்றுகூட விழவில்லை.