கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கர்ஜனை

ஏப்ரல் 27, 2024 – சனி
மதுரையில் கோடை விடுமுறை நாடகப் பயிற்சி இன்று தொடங்கியது. மொத்தம் 14 பிள்ளைகள். 8 பேருக்குக் காது கேட்காது, 6 பேருக்குக் கேட்கும். எடுத்துக்கொண்ட கதை, பாட்டிமார் சொல்லும் சிங்கமும் முயலும்தான். முதல் ஒரு மணி நேரம் இரு கூட்டமாகப் பிரிந்து எதிரெதிர்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். என்னோடு சேர்ந்து இயக்கும் ஆசிரியை பிறவியிலேயே காது கேளாதவர். அவர் எல்லோருக்கும் சைகைப் பெயர் சூட்டினார். எனக்கு வாய்த்தது, மூக்குக்கண்ணாடியை விரலால் மேலே தள்ளுவது.

இந்திய சைகை மொழியில் கேள்விச் சொல் கடைசியில் வரும்: பெயர், என்ன? கேட்கும் சிறுமி ஒருத்தி அதைக் கவனித்துவிட்டு, "சார், தமிழ் மாதிரியே இருக்கிறது!" என்று துள்ளினாள். அதன்பிறகு சுவரோரம் யாரும் நிற்கவில்லை.

மே 4 – சனி
பிள்ளைகள் நடிப்பார்கள், மேடை ஓரத்தில் ஒருவர் நின்று வசனத்தைச் சைகையில் சொல்லுவார். இதுதான் என் திட்டம். ஆசிரியை வாதாடவில்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பிள்ளைகளிடம் குரலே இல்லாமல் ஒரு காட்சியை நடத்தச் சொன்னார். ஓரத்தில் நிற்பவரின் கைகளைப் பார்த்தால் முயலின் தாவல் தவறிப்போயிற்று. முயலைப் பார்த்தால் பேச்சு தவறிப்போயிற்று. இத்தனை ஆண்டுகளும் இந்தப் பிள்ளைகளை இப்படித்தானே நாடகம் பார்க்க வைத்திருக்கிறோம்? வெட்கமாக இருந்தது.

இனி ஓரத்தில் யாரும் இல்லை. ஒரு பாத்திரத்துக்கு இருவர்; ஒருவர் கையால் பேச, மற்றவர் குரல் கொடுப்பார். லாஸ் ஏஞ்சலஸில் 1991இல் தொடங்கிய டெஃப் வெஸ்ட் என்ற காது கேளாதோர் நாடகக் குழு இந்த முறையை 2003இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற பிராட்வே மேடைவரை கொண்டுபோனது.

மே 11 – சனி
முயலின் கூடையைப் பறித்துவிட்டேன். கை நிறையப் பொருள் இருந்தால் பேச்சு நின்றுபோகிறது. சிமெண்டுத் தரையில் அதிர்வு பரவவில்லை என்று பலகை விரித்தோம். முரசை அதன்மேல் வைத்து அடித்ததும் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். இரவுக் காட்சிக்கு இருட்டு வேண்டும் என்றேன். "இருட்டில் எங்களுக்குப் பேச்சு இல்லை" என்று ஆசிரியை எழுதிக் காட்டினார். நீல விளக்கு போடுகிறோம்.

மே 18 – சனி
சிங்கம் கிணற்றில் தன் நிழலைப் பார்த்துக் கர்ஜிக்க வேண்டும், எதிரொலி கேட்க வேண்டும். சிங்கமாக நடிப்பவனுக்கு எதிரொலியை எப்படி விளக்குவது? மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துத் தோற்றேன். அவனே தன் குரல்காரனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கிணற்றுச் சுவருக்குப் பின்னால் படுக்கவைத்தான். மேலிருந்து எட்டிப் பார்த்தான். வாயைத் திறந்து, பத்து விரல்களையும் விரித்தான். கீழே இருந்தவனும் அப்படியே செய்தான், குரலோடு. சிங்கத்தின் கர்ஜனை கிணற்றுக்குள்ளிருந்து வந்தது! நான் எழுதிய எந்தக் காட்சியும் இதன் அருகில் வராது.

மே 25 – சனி, இரவு
நிகழ்ச்சி முடிந்தது. உறக்கம் வரவில்லை.

முயல் சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துப்போகும் நேரம் பார்த்து மின்சாரம் நின்றது. கும்மிருட்டு. குரல் கொடுக்கும் பிள்ளைகள் தொடர்ந்திருக்கலாம். வசனம் அவர்களுக்கு மனப்பாடம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்படிச் செய்யுங்கள் என்று நாங்கள் யாரும் சொல்லித்தந்ததில்லை. முன்வரிசையில் ஓர் அம்மா கைபேசி விளக்கை மேடைப் பக்கம் உயர்த்தினார். பிறகு ஒன்று, பிறகு வரிசை வரிசையாக. முயலின் கைகள் தெரிந்ததும்தான் முயலின் குரல் எழுந்தது.

சிங்கம் கிணற்றை எட்டிப் பார்த்தது.