சிறகடிக்கும் மாதிரி, எட்டாவது மாதம்: தோள்மூட்டுதான் சிக்கல்

பறவைபோல் இறக்கை அடித்துப் பறக்கும் சிறு விமானங்களைச் செய்து பார்க்கிறேன். நேற்று மாலை மூன்றாவது மாதிரி 11 விநாடி பறந்தது. கையை விட்டதும் மூக்கைத் தாழ்த்தியது, சட்டென்று நிமிர்ந்தது, தானே சிறகடித்து என் தலைக்கு மேல் ஏறியது. எட்டு மாத உழைப்பு அந்த 11 விநாடிக்குள் அடங்கிவிட்டது. இன்னும் அந்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

இறக்கை விரிப்பு 110 செ.மீ., பேட்டரியோடு எடை 420 கிராம், விநாடிக்கு 4 அடிப்பு. முன்விளிம்பில் கார்பன் குழாய். அதிலிருந்து பின்னோக்கி இழுத்து ஒட்டிய மெல்லிய துணி. பின்விளிம்பை இறுக்கிக் கட்டக் கூடாது. இறக்கை கீழே வீசும்போது அந்தத் துணி தளர்ந்து முறுக்கிக்கொண்டு காற்றைப் பின்னால் தள்ளினால்தான் மாதிரி முன்னே போகும்.

முதல் இரண்டு மாதிரிகளும் ஒரே இடத்தில்தான் உடைந்தன. கியர் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, கடைசி நைலான் பல்சக்கரத்தில் அடுத்தடுத்த ஐந்து பற்கள் மட்டும் வேரோடு பெயர்ந்திருந்தன. மற்ற பற்கள் புதிதுபோல இருந்தன. காரணம் புரியச் சற்று நேரம் பிடித்தது. அந்தச் சக்கரம் ஓர் அடிப்புக்கு ஒரு சுற்றுதான் சுற்றுகிறது. ஆகவே கீழ்வீச்சின் முழுப் பாரமும் ஒவ்வொரு முறையும் அதே ஐந்து பற்களின் மேல்தான் விழுகிறது. மின்னோட்டத்தை அளந்தேன்: கீழ்வீச்சில் 14 ஆம்பியர், மேல்வீச்சில் வெறும் 3. இறக்கைகளுக்கும் அடிவயிற்றுக்கும் நடுவே ரப்பர் நாடா கட்டினேன். மேல்வீச்சில் மோட்டார் அதை இழுத்து வைக்கிறது, கீழ்வீச்சில் நாடா திருப்பித் தருகிறது. இப்போது 9, 7 என்று வந்துவிட்டது. பற்கள் தப்பின.

இனி, இந்த வேலையில் என்னை இறக்கிவிட்ட கேள்வி: மோட்டார் பூட்டிய இறக்கைகளை அடித்து மனிதன் பறக்க முடியுமா?

மனிதத் தசைக்கு அந்த வலு இல்லை என்று 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் பொரெல்லி சொல்லிவிட்டார். புறாவின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மார்புத் தசை. நம் உடல் அப்படி அமையவில்லை. ஆனால் மோட்டார் வந்த பிறகு அந்தத் தடை உண்மையிலேயே நீங்கிவிட்டது. ஆளும் கருவியுமாக 130 கிலோ என்று வையுங்கள். நல்ல இறக்கையோடு விநாடிக்கு 1 மீட்டர் இறங்கும் சறுக்கல் என்றால், உயரம் குறையாமல் காக்க 1.3 கிலோவாட் வேண்டும். சிறகடிப்பில் வீணாவதையும் சேர்த்து மூன்று மடங்காக்கினாலும் 4 கிலோவாட்தான். அந்தத் திறனுள்ள மோட்டாரைக் கையில் தூக்கிவிடலாம்.

கணக்கு கடினமாவது தோள்மூட்டில்தான், அதாவது இறக்கை உடலோடு சேரும் இடத்தில். ஒவ்வொரு பக்கமும் 5 மீட்டர் இறக்கை. தூக்குவிசையின் மையம் மூட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி. சும்மா சறுக்கும்போதே ஒவ்வொரு மூட்டும் சுமார் 1,300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தாங்க வேண்டும். மேல்வீச்சில் தூக்குவிசை இல்லாமல் போனால், அந்தக் குறையைக் கீழ்வீச்சு ஈடுகட்ட வேண்டும்: 2,600. சாதாரணக் கார் எஞ்சின் தருவதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அதுவும் விநாடிக்கு ஒரு முறை, அதே பற்களின் மேல். பாதிச் சுமையை ஸ்பிரிங் ஏற்கலாம். மீதியை ஏற்கும் கியர் பெட்டி எத்தனை கிலோ வரும் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றை வீடியோவை மெதுவாக ஓட்டியபோதுதான் கவனித்தேன். ஒவ்வோர் அடிப்புக்கும் மாதிரியின் உடல் மூன்று நான்கு செ.மீ. ஏறி இறங்குகிறது. விநாடிக்கு ஒரே அடிப்பு என்றால் இதே கணக்கில் அது 60 செ.மீ. ஆகிவிடும். உள்ளே இருப்பவர் அரை விநாடி எடையற்று மிதப்பார், அடுத்த அரை விநாடி இரு மடங்கு எடையில் அழுத்தப்படுவார். அந்த நிலையில் யாரால் கருவியை ஓட்ட முடியும்?

இருந்தாலும் முடியாது என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் நடந்திருக்கிறது. டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2006இல் ஆள் ஏறிய, எஞ்சின் பூட்டிய சிறகடி விமானத்தை 14 விநாடி பறக்கவிட்டார்கள்; சிறிய ஜெட் எஞ்சின் ஒன்றும் துணைக்கு இருந்தது. 2010இல் ஸ்னோபேர்ட் என்ற சிறகடி விமானம், 32 மீட்டர் இறக்கையோடு, கார் இழுத்துக் கிளப்பிவிட்ட பின் ஓட்டியவரின் கால் வலுவிலேயே 19.3 விநாடியில் 145 மீட்டர் கடந்தது. கையில் இறக்கை கட்டிக்கொண்டு மாடியிலிருந்து கிளம்பும் கனவு வேறு. அதை நான் நம்பவில்லை. நீண்ட இறக்கை, இருக்கை, சக்கரம் உள்ள கருவியை நம்புகிறேன்.

2006 விமானத்தின் இறக்கை மூன்று துண்டுகளாக இருந்தது. வெளித்துண்டுகள் கீழே வீசும்போது நடுத்துண்டு மேலே போகும். உடல் குலுங்குவது குறையும். நான்காவது மாதிரிக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நடுத்துண்டின் சட்டம் ஒட்டி, பசை காய்ந்துகொண்டிருக்கிறது. கடைசிப் பல்சக்கரத்தை இம்முறை எஃகில் போடுகிறேன், 18 கிராம் கூடினாலும் பரவாயில்லை.