47-ஆம் பக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள்

குன்னூரில் நான்கு நாளாக மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இல்லை, போனது போனதுதான். சின்னவனுக்கு இன்னொரு ஸ்வெட்டர் தேடி மாமாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஸ்வெட்டர் இல்லை. பாச்சை உருண்டைகளுக்கு அடியில் அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் நாவல் கிடந்தது. பெயரும் இல்லை, எழுதினவர் பெயரும் இல்லை. முதல் பக்கத்திலேயே ஒரு பாடகர் மேடையில் பொத்தென்று விழுந்து செத்தார். சரி, இன்றைக்குச் சமையல் ரசமும் அப்பளமும்தான் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

எனக்குக் க்ரைம் கதை என்றால் பஸ் ஸ்டாண்டில் தொங்கும் மாத நாவல்தான். அதில் இன்ஸ்பெக்டர் வருவார், ஜீப் வரும், 96-ஆம் பக்கத்தில் எல்லாம் சுபம். இது லண்டன் கதை. துப்பறிகிறவர் பழைய டிரம்ஸ்காரர், வருஷக்கணக்கில் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து இடது காது போனவர். சாட்சிகள் எல்லோரும் முக்கியமான விஷயத்தை அந்தக் காதில்தான் சொல்கிறார்கள். ராக் பாடகர் ஒரு கையால் கித்தாரை மீட்டிக்கொண்டே வாயை மைக்கில் வைத்த நொடியில் போய்ச் சேர்ந்தார். போலீஸ் விபத்து என்கிறது. மனைவி நம்பாமல் இவரைக் கூப்பிடுகிறாள்.

இப்படியெல்லாம் நடக்குமா என்று, போனில் மிச்சமிருந்த 11 சதவீத சார்ஜில் தேடினேன். நடந்திருக்கிறது. 1972-இல் ஸ்வான்சீயில் லெஸ் ஹார்வி என்ற கித்தார்காரர் சரியாக எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். வயது 27. பிரையன் ஜோன்ஸ், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்லின், ஜிம் மாரிசன், இவர்கள் எல்லோருமே 1969-க்கும் 1971-க்கும் நடுவில் 27 வயதில் போனவர்கள். சத்தமாகவே படித்துவிட்டேன் போல. ஹாலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை, "நட்சத்திரம் 27. ஒண்ணுக்கு ஒரு வருஷம்னு சுத்தி முடிச்சிருக்கும்" என்றார். போன் அணைந்தது.

ராத்திரி மெழுகுவத்தியில் தொடர்ந்தேன். துப்பறிகிறவர் இருட்டுக் கிடங்குக்குள் காலை வைக்கிறார், வெளியே சரக் சரக்கென்று சத்தம். நான் போர்வைக்குள் போய்விட்டேன். என் வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "காட்டெருமை. மேரக்காய்ப் பந்தல் போச்சு" என்று திரும்பிப் படுத்தார். வாடகை வசூலிக்க வருகிறவன் மாதிரி தினம் அதே நேரத்துக்கு வருகிறது. பந்தல் போட்டதற்கு அதற்கு ரசீது கொடுத்திருக்கிறோம் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் 47-ஆம் பக்கம். பாடகரோடு ஊர் ஊராகப் போகிற ரோடீ ஒருவன் வருகிறான். ரோடீ யாரென்று முதலில் பிடிபடவில்லை. அப்புறம்தான் விளங்கியது: பெட்டி இறக்கி, ஒயர் இழுத்து, 'ஹலோ ஹலோ மைக் டெஸ்ட்டிங்' சொல்லி, கச்சேரி முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றுகிறவன். அதாவது மைக் செட் பையன். அவனைப் பற்றி ஒரே வரி, விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான் என்று. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் குண்டு குண்டாக, அடிக்கோடு வேறு: 'இவன்தான்.'

இன்னும் 200 பக்கம் இருக்கிறது ஐயா! 2024-இல் சட்டப் பிரிவுக்கெல்லாம் நம்பர் மாற்றினார்களே, அப்போதே இந்தக் குற்றத்துக்கும் ஒரு பிரிவு சேர்த்திருக்கலாம். ஜாமீன் கிடைக்காத பிரிவாக.

லண்டன் கொலையை விட்டுவிட்டு வீட்டுக் கொலையை எடுத்துக்கொண்டேன். இவர் மேல் சந்தேகமே இல்லை, எந்தப் புத்தகத்திலும் ஒன்பதாம் பக்கத்தைத் தாண்டியவர் இல்லை. கொழுந்தனார் என்றால் இங்கிலீஷில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருப்பார். மேல் வீட்டு டீச்சர் சிவப்பு மசி தவிர வேறு எதையும் தொடமாட்டார். அத்தையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்தாலும், கேஸ் புக் செய்யும் மெசேஜ் வந்தாலும், "எனக்கு எங்கம்மா இங்கிலீஷ் தெரியும்" என்று 14 வருஷமாக என் கையில் கொடுக்கிறவர் ஆயிற்றே.

இந்த ஊரில் துப்பறிந்து பிழைக்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லண்டனில் அந்த ஆள் மூன்று நாள் ஒருவனைப் பின்தொடர்கிறார், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இங்கே குன்னூர் பெட்ஃபோர்டில் ஒருவர் பின்னால் நான்கு எட்டு வைத்தால் போதும், "என்ன இந்தப் பக்கம்? மாமியாருக்கு மூட்டுவலி தேவலையா?" என்று மூன்று பேர் நிறுத்துவார்கள். பின்தொடரப்படுகிறவரே நின்று குடையில் இடம் கொடுப்பார்.

பக்கங்களைப் புரட்டினேன். பென்சில் இன்னும் நிறைய இடத்தில் இருந்தது. பாடகர் ரப்பர் அடி ஷூ போட்டிருந்தாரே, ஷாக் எப்படி அடிக்கும் என்று துப்பறிகிறவர் ஓர் அத்தியாயம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார். ஓரத்தில்: 'ரப்பர் இருந்தால் மட்டும்? கை கம்பியில், வாய் மைக்கில். கரண்ட் குறுக்கே போகும்.' இன்னோர் இடத்தில், இடைவேளையில் யாரோ, சூடேறும் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயரைத் திறந்து எர்த் ஒயரைக் கழற்றியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஓரத்தில்: 'வால்வு செட் அஞ்சு நிமிஷத்தில் ஆறுமா? கேட்கணும்.'

அதற்குக் கீழே, நீல பால்பாயிண்ட் பேனாவில், வேறு கையெழுத்தில், ஒரே சொல்: 'ஆறாது.'

இவரை எழுப்பிக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "அப்பா கையெழுத்து" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

மாமாவின் மைக் செட் கடையைத் தெரியாதவர்கள் குன்னூரில் குறைவு. தந்தி மாரியம்மன் திருவிழாவுக்கு மரத்துக்கு மரம் குழாய் கட்டினவர். பேனா மாமா என்றால் பென்சில் யார்? இந்த வீட்டில் எந்த சீரியலாக இருந்தாலும் மூன்றாவது நாளே "இவதான் விஷம் வைக்கப் போறா" என்று சொல்லி எல்லோர் வாயிலும் மண்ணைப் போடுகிறவர் ஒருவர்தான். 14 வருஷமாக என் மூக்குக்கு நேரே உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் இடது காது போயிருக்க வேண்டும்.

விசாரணை அடுப்படியில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடந்தது. குற்றவாளி வர்க்கியை டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஏதோ ஒரு கிளப்பில் நியூ இயர் ஆட்டத்துக்கு மைக் கட்டியிருக்கிறார் மாமா. பணம் வரவில்லை. பாக்கிக்கு ஈடாக ஒரு பெட்டிப் பழைய புத்தகத்தைத் தூக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அத்தை அதை இன்னும் மன்னிக்கவில்லை. "350 ரூபாம்மா. அந்தக் காலத்து 350."

"சரி, இங்கிலீஷ் எப்படி?"

"ஆம்ப்ளிஃபயர்கூட ஒரு புஸ்தகம் வரும்ல. அவருக்குப் படம்தான் புரியும், எழுத்து வராது. நான் படிச்சுச் சொல்லுவேன், அவர் ஈயம் வைப்பார். அப்படியே வந்ததுதான்."

அப்புறம் அந்தப் பேச்சாளர் கதை. சாரல் மழையில் கூட்டம், 'பெரியோர்களே' என்று தொடங்கியவர் 'பெ'யிலேயே மைக்கோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டாராம். மாமா ஓடிப்போய் மெயினைப் பிடுங்கியதில் உயிர் பிழைத்து, மீதியை உட்கார்ந்தபடி பேசினாராம். அன்றிலிருந்து எங்கே செட் போட்டாலும் முதலில் எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மாமா ஒயரையே தொடுவாராம். "வீட்ல உப்பு ஜாடி எப்பவும் காலிதான்."

கடைசி அத்தியாயத்தை அத்தையை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே படித்தேன். கொலைகாரன் ரோடீ இல்லை! மேனேஜராம், இன்ஷூரன்ஸ் பணத்துக்காகவாம். "அத்தை, நீங்க சொன்னது தப்பு" என்று துள்ளினேன். அத்தை அசையவில்லை. வர்க்கி தோய்த்த விரலால் பக்கத்தைத் திருப்பச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் பென்சில்: 'தப்பு. சூடான வால்வு செட்டுக்குள் அவசரமாகக் கைவிட்டால் விரல் வெந்துபோகும். மேனேஜர் கையில் காயமே இல்லை. பிளாஸ்திரி போட்டவனை ஏன் விட்டார்கள்?'

நான் முன்னும் பின்னும் புரட்டினேன். உண்மைதான். 47-ஆம் பக்கத்துப் பிளாஸ்திரியை எழுதினவரே மறந்துவிட்டார். பென்சிலுக்குக் கீழே நீலப் பேனா, இந்த முறை கொஞ்சம் நீளமாக: 'எழுதினவருக்கு மைக் செட் தெரியாது. நீ சொல்வதுதான் சரி.'

அந்த இரண்டாவது வாக்கியத்தை அத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

இத்தோடு விட்டிருந்தால் தேவலை. விடியும்போது கரண்ட் வந்தது, அத்தைக்குச் சந்தேகமும் வந்தது. "நம்ம கீசருக்கு எர்த் இருக்கா?" என்று இவரைக் கேட்டார். இவர் கூரையைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பெட்டியைக் கழற்றினால், 11 வருஷமாக அந்தப் பச்சை ஒயர் எதிலும் சேராமல் சும்மா சுருண்டு கிடக்கிறது. கூலியும் சாமானும் 2,300 ரூபாய். வீட்டு உப்பு ஒரு பாக்கெட் தனி.

குழி தோண்டும்போது அத்தை மப்ளரைக் கட்டிக்கொண்டு மழையில் பக்கத்திலேயே நின்றார். கரி பத்தாது என்றார், இன்னும் ஆழம் வேண்டும் என்றார். பையன் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து, "பாட்டி, இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டான்.

"எனக்கு என்னப்பா தெரியும்" என்றார் அத்தை. "நான் படிக்காதவ."