ஐலேண்டில் எஸ் எதற்கு?

சின்ன வயதில் ஐலேண்டை 'இஸ்-லேண்ட்' என்று மனப்பாடம் செய்தவர்கள் கை தூக்கவும். நேற்று டிக்டேஷனில் மகள் அந்த எஸ்ஸை விட்டுவிட்டாள். நோட்டில் சிவப்பு மையில் ஒரு சுழி.

ஆனால் அவள் எழுதியதுதான் பழைய ஸ்பெல்லிங்! ஐலேண்ட் அசல் ஆங்கிலச் சொல். அதன் முன்பாதிக்கே பழைய ஆங்கிலத்தில் தீவு என்றுதான் பொருள். கூடவே லேண்டும் சேர்ந்துகொண்டது (நம் நடுசென்டர் மாதிரி). 'ஐல் ஆஃப் மேன்' என்கிறோமே, அந்த ஐல் வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீன் 'இன்சுலா', பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டும் ஒரே குடும்பம் என்று நினைத்து, ஐலின் (isle) எஸ்ஸை ஐலேண்டிலும் சொருகிவிட்டார்கள்.

கூத்து என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் 1740 அகராதியிலேயே அந்த எஸ்ஸைத் தூக்கிவிட்டு, எழுத்தின் தலையில் ஒரு தொப்பி போட்டுவிட்டார்கள்.

சரி, மகளுக்கு அரை மார்க் போனது போனதுதான்.